மாட்டுக் கொட்டாய் விருந்து

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். என் மூத்த பெண் அப்போது கைக்குழந்தை. ஆடிப்பெருக்கு அன்று கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலில் அவளுக்கு முடியிறக்குவதாக வேண்டுதல். எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். மலைக்கு அப்போது ரோடும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்துதான் ஏற வேண்டும்.

குழந்தையோடு எதற்கு இந்த வேலை என்று சொல்லாத ஆள் இல்லை. நான் காதிலேயே வாங்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்த மலையைத் தூரத்தில் நீலமாகப் பார்த்ததோடு சரி. அதன்மேல் ஏறப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் கிளம்புவதற்கு முதல் நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஊர்க்கூட்டத்தோடுதான் ஏற ஆரம்பித்தோம். ஆனால் எனக்கு எதைப் பார்த்தாலும் நிற்கவேண்டும். பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்தால் ஒரு கை அள்ளிக் குடிக்கவேண்டும். பலாமரத்தில் மிளகுக்கொடி சுற்றியிருந்தால் ஒரு காயைக் கிள்ளிக் கடிக்கவேண்டும், பிறகு காரம் தாங்காமல் குதிக்கவேண்டும். “நீ சாமி கும்பிட வந்தியா, மலையை வெலைக்கு வாங்க வந்தியா?” என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். இப்படி நின்று நின்று போனதில் கூட்டம் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது.

மலைக்கு மேலே ஏறியதும் எனக்கு ஒரே ஆச்சரியம். உச்சியில் வெறும் பாறைதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கேயோ பள்ளத்தில் நெல்வயல், மேட்டில் சாமைக் காடு, நடுநடுவே வீடுகள் என்று தனியாக ஒரு சீமையே இருந்தது. அரியூர் நாடு என்று வழியில் ஒருவர் சொன்னார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்து எல்லாவற்றையும் மூடியது. அடுத்த நிமிஷம் மழை.

எங்கள் ஊர் மழை மாதிரி இல்லை அது. எலும்புக்குள் குளிர் இறங்கியது. குழந்தையை முந்தானையால் நன்றாகச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். முதலில் வீல் வீலென்று கத்தினாள். பிறகு சத்தம் நின்றுவிட்டது. துணியை விலக்கிப் பார்த்தால் உதடு நீலம் பாய்ந்து, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது.

புகை வந்த திசையைப் பார்த்து ஓடினோம். மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய ஒரு கூரை வீடு. என் வயசுப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்ததுமே ஓடிவந்தாள். “ஐயோ சாமி, புள்ள வெறைச்சுப் போச்சே! குடுங்க இப்படி” என்று குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கி, உள்ளே அடுப்படியில் இருந்த தன் மாமியாரிடம் கொடுத்தாள். “நனையாதீங்க, உள்ள வாங்க” என்றாள். எங்கள் வீட்டுக்காரர் அதற்குள் அடுப்புக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

நானும் வாசலில் கால் வைத்தேன். முந்தானை விலகி என் முன்கை தெரிந்தது. அதில் மயில் பச்சை குத்தியிருந்தேன். ஊரிலேயே பெரிய மயில் என்னுடையதுதான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. “அக்கா, நில்லுங்க. பச்சை குத்துனவங்க எங்க ஊட்டுக்குள்ள வரக்கூடாதுங்க. எங்க சாமிக்கு ஆகாது.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு வாசலில் எத்தனையோ பேர் நின்றிருக்கிறார்கள். இன்னொருத்தர் வாசலில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. குழந்தை உள்ளே, புருஷன் உள்ளே, நான் மட்டும் மழையில். “எம்புள்ளயக் குடுங்க, நாங்க போறோம்” என்றேன். எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது. கோபம் வந்தால் நான் அப்படித்தான்.

“புள்ள குளிர் காயட்டுமுங்க. அதுமேல எதுக்குக் கோவம்?” என்றாள். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, “ஏனுங்க அத்தை, நெருப்ப வெளிய எடுங்க. நாம கொட்டாய்க்குப் போயிரலாம்” என்று குரல் கொடுத்தாள்.

பக்கத்தில் மாட்டுக் கொட்டாய். அவள் புருஷன் மாடுகளை மழையில் ஓட்டிவிட்டு, காய்ந்த வைக்கோலைப் பரப்பினான். மாமியார் என் குழந்தையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் பானை ஓட்டில் நெருப்பை அள்ளி வந்தாள். சட்டி, பானை, அகப்பை எல்லாம் பின்னாலேயே வந்தன. வீடு காலி! எங்கள் வீட்டுக்காரர்தான் கடைசியாக அசடு வழிய எழுந்து வந்தார்.

“உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்?” என்றேன். கோபம் பாதி இறங்கியிருந்தது.

“விருந்தாளி வெளியில, நாங்க உள்ளயா? அது நல்லாவா இருக்குது?” என்றாள்.

மாமியார் குழந்தையின் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். உதட்டில் சிவப்பு வந்தது. மகள் ஒரு தும்மல் போட்டாள். அப்புறம் அந்த அம்மாளின் மடியிலேயே ஒன்றுக்குப் போனாள். “ஆங், கண்ணு பொழைச்சுக்கிச்சு!” என்று அவள் சிரிக்க, நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை.

பிறகு என்ன, விருந்துதான். ஊரில் அரிசிக்கு அலைந்துகொண்டிருந்த எங்களுக்குச் சுடச்சுட சாமைச்சோறு, மொச்சைக் குழம்பு, மிளகு ரசம், பலாச்சுளை. மழையில் நின்ற எருது ஒன்று, என் இடத்தில் நீ யார் என்பதுபோல அடிக்கடி உள்ளே தலையை நீட்டியது.

சாப்பிட்டதும் அந்தப் பெண் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் மயிலைத் தடவிப் பார்த்தாள். “எனக்கும் ஆசைதானுங்க. ஆனா குத்திக்கிட்டா நான் எங்க போறது?” என்றாள்.

அடுப்புக்கரி ஒன்றை எடுத்தேன். அவள் முன்கையில் தோகையோடு ஒரு மயில் வரைந்தேன். அவள் புருஷன் பதறிவிட்டான். “கரிதானே, கழுவுனாப் போயிரும்” என்றாள். கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமியார், “அப்ப நீயும் இங்கயே கெட” என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “இது கையில இருக்கற வரைக்கும் நானும் உள்ள போகலீங்க” என்று அந்தப் பெண் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மழை விட்டதும் அவளும் புருஷனும் எங்களோடு கோயில்வரை நடந்து வந்தார்கள். மகளுக்கு முடியிறக்கினோம். கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் நானும் அவளும் சேர்ந்துதான் குளித்தோம். அவள் மயில் கருப்பாகக் கரைந்து தண்ணீரோடு போனது. போகிறதே என்று அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, “இது இங்க இருக்குதில்லீங்களா” என்றாள்.

இருக்கிறது. தோல் சுருங்கி இப்போது கோழிபோல ஆகிவிட்டாலும் இருக்கிறது. அன்றிலிருந்து யார் வாசலுக்குப் போனாலும் என்னை உள்ளே கூப்பிடுகிறார்களா என்று நான் பார்ப்பதில்லை. எனக்காக எழுந்து வெளியே வந்து உட்காருவார்களா என்றுதான் பார்க்கிறேன்.