எல்லைக்கோட்டில் முனியாண்டி, என் கையில் இரண்டு ஜிபிஎஸ்

கையடக்க ஜிபிஎஸ் எதை வாங்கலாம் என்று கேட்டு நான்கு பேர் எழுதிவிட்டார்கள். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று பொத்தான் வைத்தது, தொள்ளாயிரம் மலேசிய வெள்ளி. மற்றது தொடுதிரை, இரண்டாயிரத்து இருநூறு. ஒப்பிட்டு எழுதலாமென்று பிப்ரவரியில் கேமரன் மலைக்குக் கிளம்பினேன். அத்தை மகள் தனத்துக்குச் சேதி போய்விட்டது.

"சும்மா நடக்கிறதுக்கு எங்க முனியாண்டிய அளந்து குடு மச்சான்."

தனம் அந்த மலையில் கியா பார்ம் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். அவள் பெற்றோர் கொழுந்தெடுத்த தேயிலைத் தோட்டத்தின் மேல்கோடியில், காட்டோரம், ஒரு கல்லும் சூலமுமாக முனியாண்டி நிற்கிறார். தோட்டத்துக்குள் இருந்தால் இருக்கட்டும், எல்லை தாண்டிக் காப்புக்காட்டில் இருந்தால் அகற்றப்படும் என்று மானேஜர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஒரு மணிக்குள் இருப்பிடத்தை எண்களில் தரவேண்டும். அவர் கொடுத்த எல்லை வரைபடத்தை இரண்டு கருவியிலும் ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை இரவு பிரிஞ்சாங் டவுனில் தங்கினேன். அறை நூற்றுப்பத்து வெள்ளி, வெந்நீர் வரவில்லை. காலை ஏழரைக்குத் தனத்தை ஏற்றிக்கொண்டு மணியத்தின் லோரி வந்தது. காய்கறி ஏற்றுகிறவர், கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். ஒன்பது கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம். பிறகு செங்குத்தாக ஒன்றேகால் கிலோமீட்டர் நடை. நான் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

"டவுன் காலு லா," என்றார் மணியம்.

ஒன்பதேகாலுக்குக் கல்லின் தலையில் கருவிகளை வைத்தேன். சாரலில் தொடுதிரை என் ஈர விரலை மதிக்கவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து ஒருவழியாக வாங்கிய பதில்: எல்லைக்கு வெளியே பதினோரு மீட்டர். பிழை மூன்று மீட்டருக்கு மேல் இராது என்று தனக்குத் தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டது. மலிவான கருவி, உள்ளே ஆறு மீட்டர் என்றது.

"மலிவுதான் நல்லது, அதையே எழுதிடு," என்றாள் தனம்.

மரத்தடியில் இரண்டையுமே நம்பமுடியாது என்றேன். பொத்தான் கருவியில் சராசரி எடுக்கும் வசதி உண்டு. நாற்பது நிமிடம் அசையாமல் வைத்தோம். அதற்குள் அட்டைகள் என் காலில் தங்கள் அளவெடுப்பை முடித்தன. விடை: வெளியே நான்கு மீட்டர்.

தனம் சூலத்திலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கழற்றி, மறுபடி குத்தினாள்.

"இன்னொரு தடவ அளந்தா?"

"அதேதான் வரும், தனம்."

மணியம் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "இவரு என்ன இங்கியே பொறந்தவரா? பழைய லயத்து வீடுங்கள ஒடச்சப்ப எங்கப்பாதான் தோள்ல தூக்கியாந்தாரு. கீழ தள்ளி வக்கலாமான்னு அவரயே கேட்டுப் பாப்போம். கற்பூரம் நின்னு எரிஞ்சா சம்மதம்."

முதல் கற்பூரம் அணைந்தது. காத்து என்றாள் தனம். இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள், எரிந்தது. சற்றுமுன் சராசரி எடுத்தவன் என்பதால் நான் வாய் திறக்கவில்லை.

கல் இரண்டு அரிசி மூட்டைக் கனம். கடப்பாறையால் நெம்பி, சாக்கில் இழுத்து, பன்னிரண்டு மீட்டர் கீழே தேயிலை நிரையின் ஓரத்தில் திறந்த வெளியில் நட்டோம். அங்கே இரண்டு கருவியும் ஒரே குரலில் பேசின: எல்லைக்கு உள்ளே, எட்டு மீட்டர்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பொத்தான் உள்ளதை வாங்குங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி போடக்கூடியதாக இருக்கட்டும். மேலே கைப்பேசிக்கு லைன் கிடைக்காது, வரைபடத்தை வீட்டிலேயே ஏற்றிவிடுங்கள். மரத்தடியில் சராசரி எடுங்கள். விடை பிடிக்காமல் போகலாம் என்பதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு மானேஜர் ஆபீசில் நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். எண்களை நான் எழுதினேன், துல்லியமானவை என்று கையெழுத்தும் போட்டேன். அதற்குக் கீழே, வழிபாட்டிடம் எவ்வளவு காலமாக இவ்விடத்தில் உள்ளது என்று ஒரு கேள்வி. தனம் பேனாவை வாங்கினாள். அவள் நகத்தில் மண் இன்னும் காயவில்லை. யோசிக்காமல் எழுதினாள்: தாத்தா காலத்திலிருந்து.