முயல்காதும் வெறுங்கையும்

என் அண்ணி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை, அதே கைப்பிடி வைத்த நாற்காலி. அங்கே அவளுக்கு ‘ஒத்தக்குத்து’ என்று பெயர். இரண்டாவது தடவை குத்த வேண்டிய அவசியமே வராது என்பதால் நர்ஸுகள் வைத்தது. நரம்பே தென்படாத குண்டு ஆட்கள், மருந்து ஏற்றி ஏற்றி நரம்பு வற்றிப்போனவர்கள், கையை உதறிக்கொண்டு ஊரைக் கூட்டும் பிள்ளைகள், யார் வந்தாலும் “ஒத்தக்குத்தக் கூப்பிடு” என்பார்கள். அவள் வந்து முழங்கை மடிப்பில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைப்பாள். வைத்துவிட்டு சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பாள். “அமுக்கினா உள்ள போய்த் திரும்பி வரும், அதான் நரம்பு. கண்ணால தேடுறவங்க ஏமாந்துடுவாங்க” என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை. என் கை சும்மா இருந்தாலே அதைப் பிடித்து அமுக்கிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு.

என் அண்ணனை அவள் பிடித்ததும் அந்த நாற்காலியில்தான். அண்ணன் மின்கம்பம் ஏறுகிற ஆள். உயரத்தைக் கண்டால் அவனுக்குக் கொண்டாட்டம், ஊசியைக் கண்டால் நடுக்கம். வேலைக்கு உடல் தகுதிச் சான்று வாங்கப் போனவன், பஞ்சு பட்டதுமே மயங்கி அவள் தோளில் சாய்ந்துவிட்டான். கண் விழித்தபோது எல்லாம் முடிந்து பிளாஸ்திரியும் ஒட்டியாகிவிட்டது. “எப்போ எடுத்தீங்க?” என்று கேட்டானாம். “நீங்க இல்லாதப்ப” என்றாளாம். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவனே சொல்லுவான். எங்களுக்கெல்லாம் காது புளித்துப்போயிற்று.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அண்ணன் போய்விட்டான். கம்பத்திலிருந்து விழுந்தல்ல. ஈரல் கெட்டு, ஐ.சி.யூ.வில் படுத்து, சத்தமில்லாமல் போனான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே இருக்கிறேன். அண்ணி அழவில்லை. வந்த சொந்தக்காரர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். பதினாறு பேருக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, எல்லோரையும் வழியனுப்பி, மறுவாரமே வேலைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் அடுப்பிலிருந்து இறக்குவாள். மாடிப்படியில் ஒரு செருப்பு மேலேயே நின்றுவிடும், அவள் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருப்பாள். “அண்ணி, செருப்பு” என்று நான் கத்தினால் நின்று, குனிந்து, அடுத்த வீட்டுக்காரி காலைப் பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்து “ஓ” என்பாள். மனுஷி இடிந்துபோயிருக்கிறாள் என்றோம். எல்லோரையும்விட உரக்கச் சொன்னது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

செடி விஷயம் அந்தச் சமயத்தில்தான் ஆரம்பித்தது. லேப் வரவேற்பு மேசையில் இருந்த பெண் வேலையை விட்டுப் போகும்போது தன் கள்ளித்தொட்டியை இவளிடம் தள்ளிவிட்டுப் போனாள். “தண்ணி ஊத்த மறந்தாலும் சாகாதாம்” என்று அண்ணி என்னிடம் சொன்னாள். அந்த ஒரு குணம் அவளுக்குப் போதுமாக இருந்தது. ஒரு தொட்டி பத்தாகி, பால்கனியில் துணி காயப்போட இடமில்லாமல் போனது. பிறகு போனில் ஒரு குழுவில் சேர்ந்தாள். ‘முள்ளும் குடையும்’ என்று பெயர். முள் என்றால் கள்ளிகள், குடை என்றால் காளான்கள். சதைப்பற்றுச் செடி வளர்ப்பவர்கள், எங்கள் பெயரைக் காணோமே என்று இன்றுவரை அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் குழுவின் பழக்கவழக்கங்கள் எனக்கு மனப்பாடம். காரணம், நான் கூரியர் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்காருகிறவள். யாராவது ஒரு செடியைக் கேட்டால், இருப்பவர் ஒரு துண்டு வெட்டி இலவசமாக அனுப்ப வேண்டும், கூரியர் செலவு மட்டும் வாங்குபவருடையது. வெட்டிய உடனே அனுப்பக் கூடாது, வெட்டுவாய் ஒரு வாரம் நிழலில் காய வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே அழுகிவிடும். காளான்காரர்கள் மழை விட்டதும் குடையின் மேல்பக்கம், அடிப்பக்கம் என்று படம் எடுத்துப் போடுவார்கள், என்ன வகை என்று எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். தின்னலாமா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றே வெளியே. அண்ணி சனிக்கிழமைதோறும் செய்தித்தாளில் சுற்றிய முள்ளுப் பொட்டலங்களோடு என் கவுன்ட்டருக்கு வந்து நிற்பாள். எங்கள் பார்சல் தூக்கும் ஆள் அவளைப் பார்த்ததுமே கையுறையைத் தேடுவான். ஒருதரம் தாளைக் கிழித்துக்கொண்டு வந்த முள் என் முழங்கையில் ஏறிவிட்டது. “இதையெல்லாம் வாங்கி அவங்க என்ன பண்றாங்க அண்ணி?” என்று எரிந்து விழுந்தேன். “படம் போடுவாங்க. துளிர் விட்டா மறுபடியும் படம் போடுவாங்க” என்றாள். குரலில் சந்தோஷமும் இல்லை, சலிப்பும் இல்லை.

போன வருடக் கடைசியில் லேபில் அவள் தவறவிட ஆரம்பித்தாள். முதலில் ஒரு பெரியவருக்கு இரண்டு குத்து. நரம்பு உருளுது என்றாள். பிறகு புது ஊசி சரியில்லை என்றாள். பிறகு ஒரு குழந்தைக்கு மூன்று குத்து. மூன்றாவதிலும் வரவில்லை. தாய்க்காரி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, நல்லவிதமாகத்தான், ஒரு மாதம் பார்க்கலாம், சரிவராவிட்டால் பில் போடும் கவுன்ட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார். அதை அண்ணி என்னிடம் சொன்னபோது வெண்டைக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

“மாத்தினா மாத்தட்டுமே, உக்காந்த வேலைதானே” என்றேன்.

“எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்” என்றாள். “இதுவும் போச்சுன்னா காலையில எழுந்து எதுக்குக் கிளம்பணும்?”

அன்றிலிருந்து டி.வி. பார்க்கும்போதும் ஒரு கையால் இன்னொரு கையை அமுக்கிக்கொண்டே இருப்பாள். நரம்பு தேடுகிறாள் என்று தெரியும். என் கையையும் நீட்டச் சொல்வாள். நான் நீட்டுவேன். அமுக்குவாள், எங்கேயோ பார்ப்பாள், பிறகு குனிந்து கண்ணால் தேடுவாள்.

அந்த மாதத்தில்தான் குழுவில் யாரோ முயல்காது கேட்டார்கள். பேர்தான் முயல்காது. தட்டைத் தட்டையாக, பச்சையாக, மேலே பொன்னிறப் புள்ளி வைத்து, தடவிக் கொடுக்கலாம் போலிருக்கும். தடவினால் தொலைந்தோம். ஒவ்வொரு புள்ளியும் நூறு பொடிமுள், முடியைவிட மெல்லிசு, தொட்டதும் கழன்று தோலில் குத்தி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போகாது. குழுவில் இதை இடுக்கியால் பிடிப்பார்கள், செய்தித்தாளை மடித்துப் பிடிப்பார்கள், இரண்டு கையுறை போட்டுப் பிடிப்பார்கள். அப்படியும் திட்டிக்கொண்டே பிடிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் அண்ணி அதை வெறுங்கையால் பிடித்து, திருகி, ஒவ்வொரு காதாக முறித்து வைத்தாள். நான் அவள் போனில் வீடியோ எடுத்தேன். முடித்ததும் போனை வாங்கி அவளே குழுவில் போட்டாள். சாயங்காலத்துக்குள் பாராட்டு குவிந்துவிட்டது. கையா இரும்பா என்றார் ஒருவர். கள்ளி உங்களுக்குப் பயந்துவிட்டது என்றார் இன்னொருவர். நான் அவள் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ரொம்ப நாள் கழித்து யாரோ அவள் கையைப் பாராட்டுகிறார்கள் என்று எனக்குப் பெருமை. அவள் “ம்” என்றாள்.

மறுநாள் காலையில் ‘ஈரக்குடை’ என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். காளான்காரர், அதிகம் பேசாதவர். “வலிக்கலையா?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

“இல்லை” என்று அண்ணி பதில் போட்டாள்.

“அரிக்கவாவது செய்யுதா?”

“இல்லை.”

“விரலை வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. கூட யாராவது இருந்தா அவங்கள பார்க்கச் சொல்லுங்க.”

கூட இருந்தது நான். எனக்கோ அந்த நேரம் ஒரே எரிச்சல். அவள் தொட்ட போனை நான் தொட்டதில் நாலைந்து முள் என் கட்டைவிரலில் ஏறி, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தேய்த்துத் தேய்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் அவள் கையைத் திருப்பினேன். விரல் நுனியெல்லாம் பொன்னிறமாக மின்னியது. நாலைந்தல்ல, நூற்றுக்கணக்கில். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சிவந்து, வீங்கி, ஓரத்தில் சீழ் கட்ட ஆரம்பித்திருந்தது. நான் எனக்கு ஏறிய நாலுக்குக் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். இவள் அந்த விரலோடு சமைத்து, குளித்து, தூங்கி எழுந்து, என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஈரக்குடை மறுபடியும் எழுதினார். “எனக்குக் கால்ல ஆரம்பிச்சது. செருப்பு கழண்டு போனாத் தெரியாது. அலட்சியமா விட்டுட்டேன். இப்ப ஒரு கால்தான். நாற்காலியில உக்காந்துதான் காளான் படம் எடுக்கிறேன். சுகர் பாருங்கம்மா.”

செருப்பு என்று படித்ததும் நான் அவள் காலைப் பார்த்தேன். அண்ணி அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் புடவை மாற்றப் போனாள்.

அவள் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் பேருக்கு சர்க்கரை பார்த்திருப்பாள். தனக்கு ஒரு தரம் பார்த்ததில்லை. அன்று அந்த நாற்காலியில் முதல்முறையாக அவள் உட்கார்ந்தாள், நானும் கூடப் போய்ப் பக்கத்தில் நின்றேன். புதிதாகச் சேர்ந்த பெண் தயங்கிக்கொண்டே எடுத்தாள். முதல் குத்தில் வரவில்லை. “சாரி மேடம்” என்றாள். “பரவால்ல, கொஞ்சம் தள்ளிக் குத்து” என்றாள் அண்ணி. வந்த கணக்கைப் பார்த்து மெஷின்தான் கெட்டுவிட்டது என்று இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார்கள். மெஷின் கெடவில்லை. இது நேற்று வந்ததில்லை, மூன்று நாலு வருடமாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர். இருப்பதைக் காப்பாற்றலாம், விரலில் போன உணர்ச்சி திரும்புமென்று சொல்ல முடியாது என்றார். அண்ணி தலையாட்டினாள். பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது நான்தான்.

மேனேஜர் கொடுத்த ஒரு மாதத்தில் பத்து நாள் மிச்சம் இருந்தது. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. கையில் கட்டும் ரப்பர் பட்டையை மடித்து அவர் மேசையில் வைத்தாள். “மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாமேம்மா, என்ன அவசரம்?” என்று அவர் கேட்டாராம். “இதுவரைக்கும் தெரியாமக் குத்தினேன் சார். இனிமே குத்தினா தெரிஞ்சே குத்தினதா ஆகும்” என்றாளாம். இதைச் சொல்லும்போதும் அதே வெண்டைக்காய்க் குரல்.

பில் கவுன்ட்டருக்குப் போன முதல் நாள் சாயங்காலம், நான் மேலே போய் அவள் கையை ஜன்னல் விளிம்பில் வைத்து, மிச்சமிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒட்டும் டேப்பை ஒட்டிப் பிய்த்தால் கொஞ்சம் வரும், பிடிவாதமானதை இடுக்கியால் எடுக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“துக்கம்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றாள்.

“எப்படி?”

“இப்படி. எதுவும் தெரியாம.”

நான் இன்னொரு முள்ளை எடுத்தேன். அவளே மறுபடி பேசினாள்.

“ஐ.சி.யூ.ல அன்னிக்கு நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ன. அவர் கை சூடா இருந்துதா, சில்லுன்னு இருந்துதா?”

நான் நிமிர்ந்தேன்.

“நான் பூரா நாளும் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்” என்றாள். “கட்டையப் புடிச்ச மாதிரி இருந்துது. சூடும் தெரியல, குளிரும் தெரியல. புருஷன் சாகுறான், இவளுக்கு ஒண்ணுமே தோணலையே, நாமெல்லாம் ஒரு பொம்பளையான்னு நெனச்சேன். இத்தனை நாளா அதையேதான் நெனச்சிட்டிருந்தேன். யாருகிட்ட போய்ச் சொல்ல?”

நான் இடுக்கியைக் கீழே வைத்தேன்.

“சூடாத்தான் இருந்துது அண்ணி. நீங்க மானிட்டரையே பார்த்துட்டிருந்தீங்க. நர்ஸ் வந்து போர்வையத் தூக்கினப்ப நான் அவன் கை மேல கை வெச்சுப் பார்த்தேன். லேசா வேர்த்துக்கூட இருந்துது. உங்க விரல விடாமப் புடிச்சிருந்தான்.”

“புடிச்சிருந்தாரா?”

“ஆமா.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“எந்த விரல?” என்று கேட்டாள்.

“இதையும் இதையும்” என்று அவள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தொட்டேன். நான் தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. எது என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.