பொம்மைக்கு நாடி பார்த்த நாள்

நான் கோழிப்பண்ணையில் வளர்ந்தவள். திருச்செங்கோடு பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் போகும் முன்னால் ஷெட்டுக்குள் ஒரு சுற்றுப் போய், செத்துக் கிடக்கும் கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கிச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் பல்லே விளக்குவேன். யாராவது பேய்க்கதை சொன்னால், அத்தனை கோழியில் ஒன்றாவது திரும்பி வந்து கொக்கரித்ததா என்று கேட்டுச் சிரித்தவள் நான். இப்போது நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தால் கோபப்பட மாட்டேன், முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் போதவில்லை, நர்சிங் கிடைக்கவில்லை. சேலத்தில் ஒரு சர்ச்சை ஒட்டியிருந்த சமுதாயக் கல்லூரியில் ஒரு வருட ஹெல்த் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்தேன். பெயர்ப் பட்டியலில் கோகிலா என்ற என் பெயருக்கு முந்தின பெயர் ஜெசிந்தா, சேலம் டவுன்காரி. அந்த வரிசைப்படியே இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிட்டார்கள். பேச்சு என்றால் இரண்டு பேருக்கும் சோறு தண்ணீர் வேண்டாம்.

தினமும் காலையில் முதல் வேலை, ஜோடிக்குள் ஒருவருக்கொருவர் காய்ச்சல், பல்ஸ், பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுவது. பல்ஸை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும் என்பது மிஸ் போட்ட சட்டம். அதற்குக் குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தவள் ஜெசிந்தாதான்.

"பதினஞ்சு செகண்ட் எண்ணிட்டு நாலால பெருக்கிக்கோடி. மிச்ச நேரத்துல உங்க ஊர்க் கதையைச் சொல்லு."

"மிஸ் பாத்தாங்கன்னா தொலைஞ்சோம் புள்ள."

"மிஸ்ஸுக்கு நோட்டுல நம்பர் இருந்தாப் போதும்."

எட்டு மாதம் இப்படியே ஓடியது. உண்மையைச் சொன்னால், கடைசியில் அந்தப் பதினைந்து செகண்டைக்கூட நான் ஒழுங்காக எண்ணியதில்லை, வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு எழுதிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் பூசைக்குக் கிளம்பிய ஜெசிந்தா, தலை சீவிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வயது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வகுப்பே திரண்டு போனோம். வெள்ளை கவுன் போட்டு, கைகளுக்கு வெள்ளை உறை மாட்டிப் பெட்டியில் படுக்க வைத்திருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை அவள் கையைப் பிடிக்க ஆசைப்பட்டேன், துணிதான் கையில் பட்டது.

திரும்பி வந்து நோட்டைப் பிரித்தேன். என் கையெழுத்தில் வரிசையாக அவள் பல்ஸ். 72, 76, 68, 72. எல்லாமே நாலால் வகுபடும் எண்கள். ஒரே ஒரு நாளாவது முழு நிமிடம் எண்ணியிருந்தால் ஏதாவது பிடிபட்டிருக்குமா? யாரிடம் கேட்பது? மிஸ்ஸிடம் கேட்டால் எட்டு மாதப் பொய்யையும் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி என்னை அரித்தெடுத்தது.

ஒரு மாதம் கழித்துச் செய்முறைத் தேர்வு. பகல் பதினோரு மணி, ஜன்னல் வழியாக நல்ல வெயில், ஹாலில் இருபது பேர். ஜோடி இல்லாததால் எனக்குப் பொம்மையைக் கொடுத்தார்கள், உடம்பு துடைக்கவும் புரட்டிப் படுக்க வைக்கவும் நாங்கள் பழகும் ஆளுயர ரப்பர் பொம்மை, உள்ளே மெஷின் ஒன்றும் கிடையாது. அதற்குப் பல்ஸ் பார்ப்பது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 72 என்று எழுத வேண்டியதுதான்.

நானும் விரலை வைத்தேன். நம்பினால் நம்புங்கள், துடித்தது.

என் விரலில் ஓடும் துடிப்பாக இருக்கும் என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, இது நிதானமாக ஓடுகிறது. ரப்பர் சில்லென்றுதான் இருந்தது, அதற்கு அடியில் துடிப்பு. எனக்குப் பயம் வரவில்லை, எண்ணத் தொடங்கினேன். இருபதைத் தாண்டியதும் ஒரு துடிப்பு விட்டுப் போனது. மறுபடி ஓடியது. நாற்பதுக்கு மேல் இன்னொன்று விட்டுப் போனது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கடிகார முள் மங்கலாகத் தெரிகிறது, ஆனாலும் எண்ணிக்கையை நான் விடவில்லை.

"டைம் முடிஞ்சுதும்மா, கையை எடு," என்றார் வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்த மேடம். எடுத்தேன். 71, நடுவில் இரண்டு தடவை விட்டுப் போகிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

மேடம் சிரித்துவிட்டார். "ஏம்மா, பொம்மைக்கு எங்கேருந்து விட்டுப் போகும்? எழுபத்திரண்டுன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?"

"விட்டு விட்டுத்தானுங்க மேடம் ஓடுச்சு," என்றேன். ஹாலே சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்காமல் என்னை வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து, கூட்டாளி போன துக்கத்தில் மனம் அப்படித்தான் பண்ணும் என்றார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை, அந்த வாரமே ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். "அம்மா, அவளுக்கு நெஞ்சுல ஏதாச்சும் கோளாறு இருந்துச்சுங்களா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "சின்னப் புள்ளையிலயே டாக்டரு சொன்னாரு கண்ணு. நாடி ஓடிக்கிட்டே இருக்கும், நடுவுல ஒண்ணு விட்டுப் போகும்னு. தெரிஞ்சா காலேஜுல சேத்துக்க மாட்டாங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மான்னு அவதான் சொன்னா. கோகிலா தினமும் கையைப் புடிச்சுப் பாக்குறாளே, கண்டுபுடிச்சிட மாட்டாளான்னு கேட்டேன். அவ எங்கே எண்ணுறா, பேசிக்கிட்டேல்ல இருப்பான்னு சிரிச்சா."

"எண்ணியிருக்கோணுமுங்கம்மா," என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். யாருக்குப் பார்த்தாலும் முழு நிமிடம் எண்ணுவேன், கூட வேலை செய்பவர்கள் கேலி பண்ணுவார்கள், பண்ணிக்கொள்ளட்டும். துக்கம், பிரமை என்று நீங்களும் சொல்லலாம். அவள் அம்மா சொல்லும் முன்பே அந்த விட்டுப் போகும் துடிப்பு என் விரலுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், எனக்கும் பதில் தெரியாது.

பொம்மைக்குத் துடித்தது கூட என்னை அவ்வளவு உறுத்துவதில்லை. மேடம் கையை எடு என்றபோது அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எடுத்த உடனே எனக்கு உறைத்து, விரலைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். வெறும் ரப்பர். நாடி ஓடிக்கொண்டிருந்த கையை, நேரம் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னதற்காக நான் விட்டுவிட்டேன்.