அத்தை எழுத விடாத காரணம்

"...வயசு போயிடுச்சின்னு மட்டும் எழுதாதீங்க சாமி. வேற இன்னா வேணா எழுதிக்கோங்க. எம்மவன் குருடன்னு எழுதுங்க, நொண்டின்னு எழுதுங்க, கைநாட்டு வெக்கறேன். எங்க அண்ணன் பொண்ணுக்கு வயசு போயிடுச்சின்னு காயிதத்துல ஏறக் கூடாது."

அந்தப் பேச்சு இப்படிப் பாதியிலிருந்துதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அதற்கு முன்னால் வெகுநேரம் பேசியிருப்பார். அத்தை பேசாமல் இருந்த நேரத்தை விரல் மடக்கிச் சொல்லிவிடலாம். புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயில். சாமியாரின் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் நைனாவின் தங்கையான என் அத்தை. கதவோரம் சுவரில் சாய்ந்துகொண்டு நான், அந்த வயசு போனவள். எனக்கும் அத்தை மகனுக்கும் கல்யாணம் பேசி, அதற்காக மூன்றாவது முறையாக அங்கே வந்து நிற்கிறோம். நைனா உள்ளேயே வரவில்லை. "நீ போயி பேசும்மா, எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிப் போச்சி" என்று தங்கையை அனுப்பிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

வினை நான் கைக்குழந்தையாக இருந்தபோதே ஆரம்பித்தது. "மொதல்ல எவன் கைபட்டுச்சோ அவனுக்குத்தான் பொண்ணு" என்பது அத்தையின் சித்தாந்தம். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஞானத்தகப்பனாக நிற்க எதிர்வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு தயாராக வந்திருந்தாராம். அத்தை அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு, பதினான்கு வயதுத் தன் மகனின் கையில் என்னைக் கொடுத்து முன்னால் நிறுத்திவிட்டார். அப்போதிருந்த சாமியார் வயதானவர், இன்னும் இரண்டு ஊர் போகவேண்டிய அவசரம் வேறு. "பசாசை விட்டுவிடுகிறாயா?" என்று அவர் கேட்க, எனக்குப் பதிலாக அத்தை மகன்தான் "விட்டுவிடுகிறேன்" என்று சொன்னாராம். பெண்ணை மகனுக்கு முடிபோட்டுவிட்டோம் என்று அத்தைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தொட்டியருகே பிள்ளையை ஏந்துகிறவன் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் முறை ஆகிவிடுகிறான், பிறகு அவளைக் கட்டிக்கொள்ளக் கோயில் சட்டம் விடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்கள் ஜனங்களுக்கு அத்தை மகன் என்றால் மாப்பிள்ளை. அதற்குமேல் யார் யோசித்தார்கள்?

பிறகு காத்திருந்த கதை. அத்தைக்கு இரண்டு பெண்கள். அவர்களைக் கரையேற்றாமல் மகனுக்கு முடிக்கக்கூடாது என்று வருஷத்துக்கு வருஷம் தள்ளிக்கொண்டே போனார். இடையில் என்னைக் கேட்டு வந்தவர்களையும் திருத்தணிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து திருப்பி அனுப்பினார். "கை வெச்ச பொண்ணு எங்க போவுது? பரண்மேல வெச்ச புளி மாதிரி, பழசானா ருசிதான்" என்பார். புளிக்கு என்ன, பேசாமல் இருக்கும். எனக்கோ தோழிகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்து, நானே அவர்களுக்கு அட்டையைப் பிடித்துக்கொண்டு 'அ' சொல்லிக்கொடுக்கும் காலம் வந்துவிட்டது. அத்தை மகனுக்கு ரயில்வேயில் வேலை. கிறிஸ்மஸுக்கு வந்தால் முற்றத்தில் உட்கார்ந்து வேர்க்கடலையை உடைத்து உடைத்து எனக்கென்று ஒரு பக்கம் குவித்துவைப்பார், வாயைத் திறக்கமாட்டார். உனக்கு இஷ்டமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது நாத்தனாரின் கல்யாணமும் முடிந்து, எங்களுக்கு ஓலை வாசிக்கக் கேட்கப் போனோம். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். புதுச் சாமியார் கடலோரத் தெலுங்கர், நல்ல மனிதர். பெயர்களை எழுதிக்கொண்டிருந்தவரிடம் அத்தை சும்மா இருக்கமாட்டாமல், "இவளுக்கு ஞானஸ்நானம் குடுக்கச் சொல்ல எம்மவன்தான் சாமி ஏந்திக்கினு நின்னான், அப்பவே முடிஞ்ச கல்யாணம் இது" என்று பெருமை பேசினார். சாமியாரின் பேனா நின்றது. "என்ன காரியம் செய்தாய் அம்மா" என்று தன் தெலுங்கிலேயே சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தை தன் வாயாலேயே தன் மகனின் கல்யாணத்துக்குத் தடை சொல்லியிருந்தார்.

மேற்றிராணியார், அதாவது பிஷப், அனுமதி கொடுத்தால் உண்டு. அதற்கு விண்ணப்பத்தில் தகுந்த காரணம் காட்டவேண்டும். அத்தைக்கு இது பொறுக்கவில்லை. அப்போது எங்கள் பக்கமெல்லாம் எல்லைப் பேச்சு. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று டீக்கடையில் பெஞ்சைத் தட்டிச் சண்டை. வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். "சர்க்காரே போட்ட கோட்டை அழிச்சிட்டு வேற கோடு போடறான், நீங்க ஒரு கோட்டை அழிக்க மாட்டீங்களா? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் அத்தை, அந்தப் பூசாரியின் முகத்துக்கு நேராகவே. சாமியார் சிரித்துவிட்டு, ஊர் சின்னது, வேறு வரன் கிடைக்காது என்று எழுதி அனுப்பினார். அது திரும்பி வந்தது. ரயில் பாதை ஓரத்து ஊர், இத்தனை குடும்பங்கள் இருக்கையில் இது காரணமாகாது என்று பதில். இன்னொரு முறை திரும்பினால் மூன்றாவது முறை கேட்க வழியில்லை என்று சாமியார் கையை விரித்தார். மிச்சம் இருந்தது ஒரே காரணம்: பெண்ணுக்கு வயது கடந்துவிட்டது, இனி வேறு இடம் அமைவது கடினம். அதை எழுதினால் அனுமதி வரும் என்று அவருக்கு நிச்சயம். அத்தைதான் எழுத விடவில்லை. அந்த வயதைப் போகவைத்தது யார் என்று அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் என் கடைசி மகனின் கல்யாணத்துக்காகத் திருப்பதியில் கோயிலுக்குப் போயிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த இளம் சாமியாரிடம் பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தத் தடையே இப்ப சட்டத்துல இல்லம்மா, எடுத்துட்டாங்க" என்றார் சாதாரணமாக. எனக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கால்தான் வலித்தது. அந்த நாளில் அலைந்த அலைச்சலெல்லாம் காலில் எங்கேயோ தங்கியிருந்து அன்றைக்கு இறங்கினாற்போல இருந்தது. உயிர்த்த ஞாயிறு கழிந்து அனுமதி வந்தது, கல்யாணம் நடந்தது. எல்லையும் ஒருநாள் முடிவாயிற்று. நான் வாழ்க்கைப்பட்ட ஊர் மதராஸ் பக்கம் போயிற்று, நைனாவின் வீடு ஆந்திராவிலேயே நின்றது. அத்தையும் போய், அவர் மகனும் போய்விட்டார். வேர்க்கடலை உடைத்துக் குவித்துவைக்க ஆள் இல்லை.

ஆனால் அன்றைக்கு, குருடன், நொண்டி என்று மகனை ஏலம் போட்டுப் பார்த்தும் சாமியார் மசியவில்லை. "உங்க பையன் குருடுன்னா நான் பொண்ணு குடுக்க வேணாம்னு எழுதணும், அம்மா" என்றார். அத்தை அன்று முதன்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதுங்க சாமி. நான்தான் போக வெச்சேன்னும் சேத்து எழுதுங்க."

"அதுக்கு அதுல இடம் இல்லம்மா."

சாமியார் எழுதினார். எழுதி முடித்து, எழுதினதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கவேண்டும் என்று சொல்லி, காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அத்தை எழுந்து நேராக என்னிடம் வந்தார். சாமியார் வாயைத் திறப்பதற்குள், என் இரண்டு காதுகளையும் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பொத்திவிட்டார்.