அம்மா படித்த வகுப்பு

சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் பாதையில், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டினார். தெலுக் இந்தான் பக்கம் போனால் இரண்டு நாள், ஜொகூருக்குப் போனால் ஒரு வாரம். வீட்டில் நானும் அம்மாவும்தான். ஆனாலும் தனியாக இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வாசலில் எந்நேரமும் யாராவது ஒரு காகிதத்தோடு நிற்பார்கள்.

கரண்டு பில், ஆஸ்பத்திரிக் கடிதம், பள்ளிக்கூட நோட்டீஸ், எல்லாம் மலாயில்தான் வரும். "அக்கா, என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க லா" என்பார்கள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மனசுக்குள் ஒருமுறை படித்துவிட்டுத் தமிழில் சொல்வார். ஒருதரம்கூடத் தப்பியதில்லை. ஆறாம் வகுப்புக்கு மேல் இன்னும் ஐந்து வருஷம், ஐந்தாம் பாரம் வரை படித்தவராயிற்றே என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு. மற்றவர்கள் எல்லாம் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு, சிலர் அதற்கும் முன்னாலேயே, வேலைக்குப் போனவர்கள். நானும் அந்தப் பெருமையில் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன்.

எனக்கு ஒன்பது வயதில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு மலாய்க்காரப் பெண் வந்தார். அம்மா இருந்தால் மலாயில் பேசிவிடுவார் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் எங்கள் வாசலிலேயே கூடிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி, எதுவரை படித்தீர்கள்?

"ஆறாவது."

"நாலாவதுன்னு போடச் சொல்லுங்க."

"நான் ஸ்கூல் பக்கமே போகலக்கா, நீங்களே பார்த்து ஏதாச்சும் சொல்லிடுங்க லா." ஒரே சிரிப்பு.

கடைசியில் அம்மாவின் முறை. ஐந்தாம் பாரம் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிக் குறைத்துச் சொல்கிறாரே! போன வாரம்தான் பிஸ்கட் டின்னில் என் பிறப்புப் பத்திரத்தைத் தேடும்போது அம்மாவின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்திருந்தேன். கடைசியாகப் படித்த வகுப்பு என்ற இடத்தில் 'பெரலிஹான்' என்று இருந்தது. எனக்கு ஒன்று முதல் ஆறு வரை தெரியும், பாரம் ஒன்று முதல் ஐந்து வரை தெரியும். எண்ணே இல்லாத வகுப்பு என்றால் ஐந்துக்கும் மேலேதான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். உள்ளே ஓடி அதை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் நீட்டினேன். "எங்கம்மா இன்னும் பெரிய படிப்பு படிச்சிருக்காங்க!"

அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்து 'பெரலிஹான்' என்று வாய்விட்டுப் படித்தார், அம்மாவைப் பார்த்தார், எழுதியதை ரப்பரால் அழித்தார். பெரலிஹான் என்பது, மலாய் போதாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை முதல் பாரத்துக்கு அனுப்பும் முன் ஒரு வருஷம் உட்காரவைக்கும் வகுப்பு. அங்கே அது எனக்கு மட்டும்தான் தெரியாது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு காகிதங்கள் தோட்டத்துக் கடைக்காரரிடம் போயின. அம்மா இத்தனை வருஷமும் சரியாகத்தானே படித்துச் சொன்னார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சாயங்காலங்களில் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார். சைக்கிள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடும். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இன்று நினைக்கிறேன்.

அந்த வகுப்பில் பேச ஓர் ஆள் இல்லாமல் அம்மா பாதியிலேயே நின்றதையும், பிறகு ஓர் அகராதியை வைத்துக்கொண்டு தானாகவே மலாய் கற்றதையும் அப்பா எனக்குச் சொன்னது நான் ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது என்பதுதான். அம்மாவைச் சந்தோஷப்படுத்த நினைத்து ஒரு சாயங்காலம் கேட்டேன்.

"பெரலிஹான்ல நம்ம தோட்டத்து ஆளுங்க எத்தன பேரும்மா?"

"நான் ஒருத்திதான்."

இவ்வளவு பெரிய தோட்டத்தில் அம்மா ஒருத்திதான்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கைதட்டினேன்.