கூக்கால் கல்யாணத்தை விழுங்கிய பெட்டி

கொடைக்கானலில் எது கெட்டுப்போனாலும் பழியைக் குளிர் மேல் போட்டுவிடுவோம். ஜீப் கிளம்பவில்லையா, குளிர். இட்லி மாவு பொங்கவில்லையா, குளிர். புது மாப்பிள்ளை யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாரா, அவருக்கும் குளிர்தான். ஏரிக்குப் போகும் சாலையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த நானும் இந்த ஊர்க்காரன்தானே. இரண்டாயிரத்து ஒன்பதில் நான் ஆசை ஆசையாக வாங்கிய பெட்டி ஒருநாள் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்ததும், வீட்டிலிருந்து மஃப்ளரை எடுத்து வந்து அதற்குச் சுற்றிவிட்டேன்.

பெட்டி என்றால் சாதாரணப் பெட்டி இல்லை. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கும். ஒரு ஒயரை மாட்டிவிட்டால் கடையில் உள்ள கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம், மாடியில் எங்கள் வீட்டிலும் பார்க்கலாம். எடுத்த படத்தை இரண்டு டிஸ்கிலும் எழுதி வைத்துக்கொள்ளும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். அதுவரை டிவிடியில் போட்டு வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் ஈரத்துக்கு டிவிடியில் ஒரே வருஷத்தில் பூஞ்சை பிடித்துவிடும். "இனி நம்ம கடையில படம் போச்சுங்கிற பேச்சே கெடையாது" என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

எந்தெந்த டிஸ்க் அதற்கு ஒத்துவரும் என்று பொடி எழுத்தில் நான்கு பக்கம் அச்சடித்துப் பெட்டியோடு கொடுத்திருந்தார்கள். டிஸ்கைத் தனியாக வாங்கிய திண்டுக்கல் கடைக்காரரிடம் அதைக் காட்டிக் கேட்டேன். "உள்ள நுழையுதுல்ல சார்? அப்பறம் என்ன லிஸ்ட்டு?" என்றார். நுழைந்தது. அந்த நான்கு பக்கத்தையும் மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன்.

அதில் ஏறிய முதல் கல்யாணம் பக்கத்து மலைக் கிராமமான கூக்காலில் நடந்தது. பெண்ணின் அப்பா அங்கே பூண்டு போடுகிறவர். சின்னப் பையனாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்து இந்த மலையில் குடியேறியவர். அவருடைய அக்கா மட்டும் அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டுத் தங்கிவிட்டார். அந்த அக்காவின் மகன்தான் மாப்பிள்ளை, கனடாவில் வேலை. மூன்று வார லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போய்விட்டார். பெண்ணை அங்கே அழைத்துக்கொள்ளக் குறைந்தது ஐம்பது கல்யாணப் படங்கள் விசா காகிதங்களோடு ஒரு தேதிக்குள் டெல்லியிலுள்ள கனடா தூதரகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அன்றைக்குப் படம் எடுத்தவன் நான் ஒருவன்தான். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டு, மறுநாள் தேனிலவு ஜோடிக்காகக் கேமரா கார்டில் இருந்ததை அழித்தும்விட்டேன். அடுத்த வாரம் பெட்டி கத்தியது. முதலில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்றது, மூன்றாம் நாள் இரண்டாவதும் செத்துவிட்டது என்றது.

பூண்டுக்காரர் ஞாயிறு தவறாமல் சந்தைக்கு வருவார். வந்ததும் நேரே கடைக்கு வந்துவிட்டார். மஃப்ளர் சுற்றிய பெட்டியைப் பார்த்தார்.

"என்ன தம்பி, காச்சலா?"

"குளிர் ஒத்துக்கலைங்கய்யா. அடுத்த வாரம் படம் குடுத்துர்றேன்."

"மஃப்ளர் பத்தாது தம்பி. கோழிக்குஞ்சுக்குப் போடுறாப்ல பல்பு போடணும்."

அடுத்த ஞாயிறு குண்டு பல்பும் கூடையுமாக அவரே வந்தார். பெட்டியைக் கூடையால் மூடி பல்பைப் போட்டோம். அரைமணி கழித்துச் சிவப்பு விளக்கு பச்சையானது. இரண்டு பேரும் டீ வரவழைத்துக் குடித்தோம். கம்ப்யூட்டர் திரையில் "கூக்கால் கல்யாணம்" என்று நான் வைத்திருந்த பெயரும் வந்தது. அதைத் திறந்தேன். மணல் கடிகாரம் சுற்றியது, சுற்றியது, பீப்.

"பேரு தெரியுது. ஆளத்தான் காணோம்" என்றார் அவர்.

அதற்கடுத்த வாரம் அரிசி வைத்தியம். கேமரா லென்ஸில் ஈரம் பிடித்தால் அரிசிக்குள் புதைத்து வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பெட்டியை அரிசிப் பானைக்குள் இறக்கினேன். என் மனைவி பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "இத ஒலையில போடுறதா, இல்ல ஒங்க பொட்டிக்குப் படைக்கிறதா?" என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கோபத்தை அவளிடம் காட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் ஒரு டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். ஏதோ சோதனை ஓட்டினார். "நூத்துக்கு நூறு சார். டிஸ்க்கு சும்மா கல்லு மாதிரி இருக்கு" என்றார். அதற்குள் அவர் கம்ப்யூட்டர், டிஸ்கில் எழுதியிருப்பது தனக்குப் புரியவில்லை, அழித்துவிட்டுப் புதிதாக ஆக்கட்டுமா என்று கேட்டது. அவர் விரல் சரி என்ற இடத்துக்குப் போனது. பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த விரலுக்கடியில் கிடந்தது.

மேலே கொண்டுவந்து மாட்டினால் மறுபடி சிவப்பு. திரும்பக் கீழே கொண்டுபோனேன், நூற்றுக்கு நூறு. மூன்றாம் முறை அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "கீழ ஓடுது, மேல ஓடல. டிஸ்க்குக்கு மலை ஒத்துக்கல சார்." கீழே அவர் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கிறார், மேலே நான் பெட்டியில் மாட்டிப் பார்க்கிறேன், இரண்டும் வேறு வேறு என்பது அவருக்கும் உறைக்கவில்லை, படித்த முட்டாளான எனக்கும் உறைக்கவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது, வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும், பக்கத்து சீட்டு அம்மா மடியில் என்ன என்று கேட்டார். "மெஷின்ங்க. மலையேறினா கோளாறு பண்ணுது" என்றேன். கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பெட்டியின் மேல் வைத்தேன். வைத்தேனே, இல்லையென்று சொல்ல முடியுமா?

பழமும் பலிக்காத பிறகுதான் பெட்டிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதப் புத்தி வந்தது. டிஸ்கின் பெயர் எங்கள் பட்டியலில் உண்டு, ஆனால் அதற்குள் இருக்கும் ஃபர்ம்வேர் பழையது, டிஸ்க் கம்பெனியைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. டிஸ்க் கம்பெனியைக் கேட்டால், எங்கள் டிஸ்கில் குறையில்லை, பெட்டிக் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். சம்பந்திகள் இருவரும் மாறி மாறி மரியாதையாகவே என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். மேஜைக்கடியில் குனிந்து அந்த நான்கு பக்கத்தை உருவிப் பார்த்தேன். எங்கள் டிஸ்கின் பெயருக்கு எதிரே, இன்ன எண் ஃபர்ம்வேருக்கு மேல் மட்டும் என்று முதல் நாளிலிருந்தே போட்டிருந்தது.

ஆறாவது ஞாயிறு பூண்டுக்காரருக்கு விளக்கம் சொன்னேன். ஃபர்ம்வேர் என்பது டிஸ்க் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதி வைத்திருப்பது. டிஸ்க் உள்ளே ஏதோ வேலையில் மூழ்கியிருக்கும்போது பெட்டி கூப்பிடுகிறது. சில விநாடி பதில் வராவிட்டால் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறது. படித்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாத இதை அவர் ஒரே நொடியில் பிடித்துக்கொண்டார்.

"சிலோன்ல எங்க தேயிலைத் தோட்டத்துல காலையில பெரட்டு இருக்கும் தம்பி. கங்காணி பேரு கூப்பிடுவாரு. ஒடனே பதில் சொல்லலைன்னா அன்னிக்கிப் பேர வெட்டிருவாரு. பின்னாலயே நின்னாலும் வெட்டுனது வெட்டுனதுதான். அதானே?"

அதேதான். ஆறு வாரமாகப் பச்சை விளக்கும் சிவப்பு விளக்குமாக நான் மாரடித்ததை அவர் நான்கு வரியில் முடித்துவிட்டார்.

இரண்டு கம்பெனிக்கும் நான் எழுதிய கோபக் கடிதங்கள் ஒரு கட்டுரைப் புத்தகம் அளவுக்கு வரும். கடைசியில் டிஸ்க் கம்பெனி புது ஃபர்ம்வேரை அனுப்பியது. கூடவே ஓர் எச்சரிக்கை: ஏற்றும்போது கரண்ட் போனால் டிஸ்க் அதோடு தீர்ந்தது. கரண்ட் எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாத ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தேன். டெல்லித் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

ஏழாவது ஞாயிறு அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைய கரண்ட் வெட்டு முடிந்து விளக்கு எரிந்ததும் ஆரம்பித்தேன். டிஸ்குகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் மாட்டி ஏற்றினேன். அவர் பல்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பல்பு அணையவில்லை. இரண்டையும் பெட்டியில் பூட்டி, டிஸ்கைச் சேர்த்துக்கொள் என்று அதற்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். பெட்டி மத்தியானம்வரை தனக்குள் கணக்குப் பார்த்தது. மகள் கனடாவுக்கு ஸ்வெட்டர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். விளக்கு பச்சையானது, பச்சையாகவே இருந்தது. "கூக்கால் கல்யாணம்" திறந்தது.

நான் மேஜையைத் தட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரையில் தாலி கட்டுகிற படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்னும் வரலைன்னு சொல்லிருவீங்களா?"

எனக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "தேதி போயிரும்யா" என்றேன்.

"போகட்டும். அடுத்த வருசம் எழுதிப் போட்டுக்கிருவோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கக்காவ அங்கன கரையில நிக்க விட்டுட்டுக் கப்பல் ஏறுனவன் நானு. அப்பறம் பாக்கவே இல்ல, இந்தக் கல்யாணத்துக்குக்கூட அதால வரமுடியல. இப்ப இவளும் போறா."

ஏழு வாரமாக என்னை விரட்டிய மனுஷன் கேட்கிற கேள்வியா இது என்று கோபப்படத்தான் பார்த்தேன், வரவில்லை. அதற்குள் மகள் பையோடு உள்ளே வந்து, "படம் வந்துருச்சாண்ணே?" என்று கேட்டாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று வெட்கமில்லாமல் சொல்லிப் பழகிய நான் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவரே எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "வந்துருச்சு புள்ள. எல்லாமே வந்துருச்சு. உக்காந்து அம்பது எடு, வெரசா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் குறித்தாள். ஐம்பது முடிந்ததும் எண்களை வாங்கி நான் சரிபார்த்தேன். அதில் நாற்பத்தொன்றில் அவளும் அவள் அப்பாவும்தான் இருந்தார்கள். விசாவுக்கு மாப்பிள்ளை இருக்கிற படம் வேண்டும் என்று அவளிடம் நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.