ரைலியின் முன்னிருக்கை

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் உப அதிபராகப் பதினொரு ஆண்டுகள் கடமையாற்றியவன் நான். ஓய்வுபெற்ற நீதவான் ஒருவரிடம் வாங்கிய கருஞ்சிவப்பு ரைலி காரை நானே ஓட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன், சாரதி வைத்துக்கொண்டதில்லை. பின்னால் வருவதை விளங்கிக்கொள்ள இவற்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சிட்னியில் நான் தனியாக ஏறிய முதல் டாக்சியில் பின்கதவைத் திறந்து அமர்ந்தேன். சாரதி திரும்பி, முன்னால் இடம் இருக்கிறதே என்றார். தனியாக வருபவர் சாரதிக்குப் பக்கத்தில் அமர்வதே இங்கு மரியாதை என்று மகள் பிறகு விளக்கினாள். தலையாட்டினேன், மனம் ஏற்கவில்லை.

சிட்னியில் நாங்கள் குடியிருந்த கிரவீனில் பக்கத்து வீட்டு டொறதி கணவனை இழந்தவர். அவருடைய கராஜில் ஒரு ரைலி நின்றது. பக்கவாட்டில் திறக்கும் நீண்ட பொனற், கறுப்புத் துணி போர்த்திய கூரை, தோலும் பெற்றோலும் கலந்த அதே வாசனை. ஊரை விட்டுக் கிளம்பியபோது எங்கள் காரைக் கொட்டிலில் விட்டு, கார்த் திறப்பை ஆணியில் கொழுவிவிட்டு வந்தவன் நான். அதற்கு என்ன நடந்தது என்று எவரிடமும் விசாரித்ததில்லை. வாரம் ஒருமுறையாவது ஓடாவிட்டால் இயந்திரம் கெட்டுவிடும், அந்தக் கனத்த ஸ்ரியறிங்கைத் திருப்பத் தன்னால் முடியாது என்றார் டொறதி. ஞாயிறுகளில் அவரைத் தேவாலயத்துக்குக் கூட்டிச்சென்று வர ஒப்புக்கொண்டேன். என் மனைவி புவனத்துக்கு அந்த வாசனையில் தலைசுற்றும், அவர் வரவில்லை.

முதல் ஞாயிறு டொறதி முன்கதவில் கை வைத்தார். நானோ பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். வேற்றுப் பெண்ணைத் தன் பக்கத்தில் இருத்திக் கார் ஓடுவது எங்கள் ஊரில் கண்ணியமான செயலன்று. டொறதி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினார். இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின.

எங்கள் கல்லூரியின் சிட்னிப் பழைய மாணவர் சங்கம் தன் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க என்னை அழைத்திருந்தது. விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில், என்னிடம் படித்த சிறி வீட்டுக்கு வந்தார். தேநீர் ஆறும்வரை மழையைப் பற்றியே பேசினார்.

"சேர், பிழையா நினைக்காதேங்கோ. சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. விழா முடியுமட்டும் அந்தக் காரை விட்டுடுங்கோவன்."

என்ன கதை என்று கேட்டேன்.

"பின்னுக்கு வெள்ளைக்கார மனிசி, முன்னுக்கு நீங்கள். வேற என்னண்டு சேர் நினைப்பினம்? வைஸ் பிரின்சிப்பல் டிரைவர் வேலை பாக்கிறாராம்."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த புவனத்தின் குரல் வந்தது. "முன்னுக்கு இருத்தினா வேற கதை கட்டுவினம். எந்தக் கதை வேணுமெண்டு நீங்களே பாருங்கோ."

சிறி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகள் காத்த பெயர் ஒரு காரின் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதில் வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்வது களைப்பான வேலை. காரை விட்டால் அவர்கள் சொன்னது உண்மையென்று ஆகிவிடும். தலைமைக்கு வேறு ஆளைப் பார்க்கும்படி சொன்னேன். சிறி மறுக்கவில்லை. அவர் முகத்தில் தெரிந்த நிம்மதிதான் என்னை நோகடித்தது.

அந்த ஞாயிறு முன்கதவைத் திறந்தேன். இப்போது உங்கள் சமயம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று டொறதி கேட்டார். பெண்கள் பின்னால் அமர வேண்டுமென்பது எங்கள் சமய விதி என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தாராம். பின்னால் இருந்தால் அவருக்கு வயிற்றைப் பிரட்டுமாம். எங்கள் வழக்கத்தை மதித்துப் பொறுத்துக்கொண்டாராம். அவர் ஏறியதும் காரைக் கிளப்பினேன்.

தமிழ்க் கடைகளுக்கு முன்னால் மெதுவாகவே ஓட்டினேன். கண்ணாடி இறக்கியிருந்தது. இடப்பக்கம் திரும்பாமலே, "கண்ணாடியை ஏத்தும், புழுதி" என்று, ஊரில் புவனத்திடம் சொல்வதுபோல, தமிழில் சொல்லிவிட்டேன். அந்தத் தெருவில் புழுதியே இல்லை. டொறதி என்ன சொன்னேன் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

கிரவீனிலும் அயலூரான குவேக்கர்ஸ் ஹில்லிலும் எங்கள் சனத்திடையே இன்னும் பேசப்படுவதைத் திருத்திவைக்கிறேன். நான் அந்த அம்மையாரிடம் வேலை பார்த்ததில்லை. விழாத் தலைமையை எவரும் என்னிடமிருந்து பறிக்கவுமில்லை. அவரைப் பின்னால் இருத்தியவன் நானே.